ஆயிரம் குதிப்புகள், பதினேழு மணி நேரம்

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கை விடாமல் செய்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அதை ஒருநாளும் செய்திராதவர்கள் உடனடியாக ஒரு விளக்கம் தந்துவிடுவார்கள்: அவர்களுக்கு அட்ரினலின் போதை, அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒருமுறை குதித்துவிட்டு அந்தக் காணொளியை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தவரைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். நானும் அந்த ரகத்தைச் சேர்ந்தவன்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் மூட்டு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டும், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் தவறிவிடாதபடி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டும் முப்பதாவது ஆண்டாக விமானமேறிக் குதிப்பவரை அந்த ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. போதை என்றால் நாளாக ஆக மனிதர் நிலை தடுமாற வேண்டும். நான் பார்த்தவர்களோ ஆண்டுக்கு ஆண்டு நிதானம் கூடியவர்களாகவும், பக்கத்தில் இருப்பவருக்குச் சற்றே சலிப்பு ஏற்படும் அளவுக்கு ஒழுங்கு மிகுந்தவர்களாகவும் ஆகியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே, பருத்தி வயல்களும் பாலைநிலமும் கலந்து கிடக்கும் ஈலாய் என்ற சிற்றூரில் உலகின் மிகப் பெரிய ஸ்கைடைவிங் தளங்களுள் ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் குளிர்காலம் முழுவதும் வார இறுதிகளை அங்கேதான் கழிக்கிறார். அவரைப் பார்க்கும் சாக்கில் நானும் சில சமயம் போய், நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே இரண்டு கூட்டங்கள் ஒரே விமானத்தில் ஏறுகின்றன. ஒன்று, பயிற்றுநரின் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் டேண்டம் கூட்டம். இவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், தரையிறங்கியதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்; ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மற்றது, தாங்களே மடித்த பாராசூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போன்ற முகத்தோடு வரிசையில் நிற்கும் கூட்டம். விமானம் மேலேறும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடங்களில் இவர்களில் சிலர் கண்ணை மூடித் தூங்குவதைக்கூடப் பார்க்கலாம் என்று நண்பர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. திரில்லுக்காகத்தான் வருகிறார்கள் என்றால், கதவு திறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் எப்படித் தூக்கம் வரும்?

இதற்கு விடை தேடும்போது உளவியலுக்குப் போவதற்கு முன் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வழக்கமாக 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுகிறார்கள். வயிறு தரையைப் பார்க்கக் கை கால்களை விரித்து விழுந்தால், ஏறத்தாழ பத்தாவது வினாடியில் முற்றுத் திசைவேகத்தை, அதாவது அதற்கு மேல் கூடாத வேகத்தை, எட்டிவிடுகிறார்கள். அது மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பாராசூட்டை விரிக்க வேண்டிய உயரம் வரும்வரை கிடைக்கும் தடையற்ற வீழ்ச்சியின் நேரம் ஒரு நிமிடம். ஆக, ஆயிரம் முறை குதித்தவர் தன் வாழ்நாளில் தடையற்ற வீழ்ச்சியில் கழித்த மொத்த நேரம் பதினேழு மணி நேரத்தைக்கூட எட்டாது. ஆண்டுக்கு நூறு குதிப்புகள் என்பது வேலைக்கும் குடும்பத்துக்கும் நேரம் ஒதுக்கும் ஒருவருக்கு நல்ல எண்ணிக்கை. அந்தக் கணக்கில் ஆயிரத்தைத் தொடப் பத்தாண்டுகள் ஆகும். மிருதங்கம் கற்கும் பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் சாதகம் செய்தால் மூன்று வாரத்துக்குள் கடந்துவிடும் பயிற்சி நேரத்தைச் சேர்க்க, இந்த மனிதருக்குப் பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன. அமெரிக்கப் பாராசூட் சங்கம் குதிப்புகளின் எண்ணிக்கைக்குச் சின்னம் தருவதோடு நில்லாமல், தடையற்ற வீழ்ச்சியில் பன்னிரண்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம் எனச் சேர்த்தவர்களுக்குத் தனிச் சின்னமும் வழங்குகிறது. அரை நாளைச் சேர்த்ததற்கு ஒரு சின்னம் தரும் வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது.

என் எண்ணத்தில், ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கான முதற்காரணம் இந்தப் பற்றாக்குறைதான். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் விழ முடிந்திருந்தால் பலருக்கு ஒரே பருவத்தில் அலுத்துப்போயிருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது மலையளவும் கற்க வாய்க்கும் நேரம் கடுகளவும் இருக்கும்போது, ஒருவர் தன் குறையை உணர்ந்துகொண்டே இருக்கிறார். ‘போன தடவை வலது முழங்காலைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்க வேண்டும்’ என்ற நினைவோடு தரையிறங்குபவர், அதைச் சரிசெய்ய மறுபடி விமானம் ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாததால்தான், விழுவது என்றாலே சும்மா விழுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நால்வர் அணிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் கைகளையும் கால்களையும் பற்றிக்கொண்டு, முன்கூட்டியே குலுக்கலில் தீர்மானிக்கப்பட்ட வடிவங்களை வரிசையாக அமைக்க வேண்டும். ஒரு வடிவத்தை முடித்துப் பிரிந்து அடுத்ததை அமைத்தால் ஒரு புள்ளி. இதற்குக் கிடைப்பது 35 வினாடிகள். ஐந்தாவது நபர் ஒருவர் தலைக்கவசத்தில் கேமராவோடு மேலிருந்து படம் பிடித்தபடியே உடன் விழுகிறார். நடுவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். தேர்ந்த அணிகள் அந்த 35 வினாடிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுக்கின்றன. அதற்காக அவர்கள் குதிப்பதற்கு முன் தரையில், சக்கரம் வைத்த பலகைகளில் குப்புறப் படுத்து ஒத்திகை பார்க்கிறார்கள். குதித்து வந்ததும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒருவர் கை அரை வினாடி தாமதித்த இடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள். இடைவேளையில் அவர்களுடைய பேச்சைக் கேட்டால், ஆபத்தான காரியத்தில் இறங்கியிருப்பவர்களின் பேச்சாகத் தோன்றாது. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பிழை தேடுபவர்களின் பேச்சுதான் நினைவுக்கு வரும்.

இதில் தேர்ந்த பிறகு தலைகீழாக விழக் கற்றுக்கொள்ளலாம். அப்போது வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைக் கடக்கும், காற்றின் நடத்தையே மாறிவிடும், கற்றவர் மறுபடி கத்துக்குட்டி ஆகிவிடுவார். இருநூறு குதிப்புகளுக்குப் பின் கைக்கும் உடலுக்கும் நடுவே துணிச்சிறகு தைத்த விங்சூட்டை அணியலாம். பாராசூட் விரிந்த பின் அதைச் செலுத்துவதும் தனிக் கலை; குடை போல் விரிந்து நேரே கீழிறங்கும் பழைய வட்டப் பாராசூட் போய், காற்று நிரம்பிய அறைகளால் ஆன, விமானச் சிறகைப் போல் ஏந்திச் செல்லும் துணிச்சிறகே இன்று எல்லோருடைய முதுகிலும் இருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் ஏதாவது ஒன்றில் மாணவராகவே இருக்கிறார். வயது வந்தவர்களுக்கு மாணவராக இருக்கும் வாய்ப்பு அலுவலகத்திலும் கிடைப்பதில்லை, வீட்டிலும் கிடைப்பதில்லை.

இனி அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் அது இல்லாமல் போய்விடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1960களில் உளவியலாளர்கள் வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டீன் இருவரும் குதிப்பவர்களின் இதயத் துடிப்பு, மூச்சு வேகம், தோலின் மின்கடத்தும் தன்மை ஆகியவற்றை விமானத்துக்குள்ளேயே அளந்தார்கள். புதியவர்களிடம் இந்த அளவுகள் குதிக்கும் கணம்வரை ஏறிக்கொண்டே போயின. அனுபவசாலிகளிடம் அவை தொடக்கத்தில் ஏறின. ஆனால் நடுவழியில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, கதவை நெருங்கும்போது இறங்கத் தொடங்கியிருந்தன. 1967இல் வெளியான இந்த முடிவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அனுபவசாலிக்குப் பயமே இல்லை என்ற கதையை அது உடைக்கிறது. அவருக்கும் பயம் வருகிறது. ஆனால் முன்கூட்டியே வந்து, வேலை தொடங்கும் நேரத்தில் விலகிக்கொள்கிறது. கருவிகளைச் சரிபார்க்கும் வேளையிலோ விமானம் ஓடத் தொடங்கும்போதோ பயப்பட்டு முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் தூங்கும் மனிதரைப் பற்றிய என் கேள்விக்கும் ஓரளவு விடை இதில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், அனுபவசாலிகள் தாங்கள் உணர்வதாகச் சொன்ன பதற்றம் புதியவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தாலும், உமிழ்நீரில் அளந்த கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் இரு தரப்பினரிடமும் ஒரே மாதிரி உயர்ந்திருந்தது. மனம் பழகிக்கொள்கிறது, உடல் பழகிக்கொள்ள மறுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். 1974இல் ரிச்சர்ட் சாலமன், ஜான் கார்பிட் என்ற இருவர் முன்வைத்த கோட்பாடு இங்கே துணைக்கு வருகிறது. ஒரு கடுமையான உணர்வு எழும்போது அதற்கு எதிரான உணர்வையும் உடல் எழுப்புகிறது. மீண்டும் மீண்டும் நிகழும்போது முதல் உணர்வு மங்கி, எதிருணர்வு வலுக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் பாராசூட் குதிப்பும் ஒன்று: முதல் தடவை திகிலும் பிறகு நிம்மதியும், பழகிய பின் லேசான பதற்றமும் பிறகு மணிக்கணக்கில் நீடிக்கும் உற்சாகமும். மாலையில் நண்பரின் முகத்தைப் பார்த்தால் இந்தக் கோட்பாட்டை நம்பத் தோன்றும்.

நியாயமாகப் பார்த்தால் என் கட்சிக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் குதிப்பவர்களைத் துடுப்புப் படகோட்டிகளோடு ஒப்பிட்டபோது, அன்றாடச் சிறு இன்பங்களில் மகிழ்ச்சி காண முடியாத தன்மை குதிப்பவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். போதை என்று சொல்பவர்களுக்கு இது சாதகமான செய்தி. குதிப்பதனால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் குதிக்க வருகிறார்களா என்பதை அந்த ஒப்பீட்டால் மட்டும் பிரித்தறிய முடியாது. திங்கட்கிழமைக் காலைக் கூட்டங்களில் நண்பர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கும் எனக்கு அந்த ஆய்வை முழுவதுமாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில் குதிக்காத நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஸ்டீஃபன் லிங் என்ற சமூகவியலாளர் குதிப்பவர்களை ஏற்றிச் செல்லும் விமானத்தை ஓட்டியவர். அந்த இருக்கையிலிருந்து பார்த்ததை வைத்து 1990இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இவர்கள் தேடுவது கட்டுப்பாட்டை இழக்கும் அனுபவம் இல்லை, கட்டுப்பாடு எளிதில் கைநழுவக்கூடிய விளிம்பில் நின்று, தன் திறமையால் அதைத் தக்கவைத்துக்கொள்ளும் அனுபவம். சூதாட்டம் அவர்களுக்குப் பிடிப்பதில்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார், ஏனெனில் அங்கே திறமைக்கு இடமில்லை. மூன்றாண்டுகள் கழித்து, நுகர்வோர் நடத்தையை ஆராயும் மூவர் ஒரு குதிதளத்தில் பழகி எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முதலில் மனிதரைக் கொண்டுவருவது ஆர்வமும் நண்பர்களின் தூண்டுதலும். சில காலம் பிடித்துவைப்பது திரில். அதன் பின் தேர்ச்சி. இறுதியில் தங்க வைப்பது, தான் இன்னார் என்ற அடையாளமும் சக மனிதர்களோடு ஏற்படும் நெருக்கமும். ஆகவே ‘ஏன் குதிக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு ஒரே மனிதரிடம் முதல் ஆண்டில் கிடைக்கும் விடையும் பதினைந்தாம் ஆண்டில் கிடைக்கும் விடையும் வெவ்வேறாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அந்த நெருக்கத்துக்கு நான் அறிந்த மிகப் பெரிய சான்று தாய்லாந்தில் நடந்தது. 2006 பிப்ரவரி 8ஆம் நாள், உடோன் தானி நகருக்கு மேலே, தாய்லாந்து விமானப்படையின் ஐந்து ஹெர்குலிஸ் விமானங்களிலிருந்து 25,000 அடிக்கும் மேலான உயரத்தில் 400 பேர் குதித்து, ஒரே வடிவமாக ஒருவரையொருவர் பற்றிக்கொண்டார்கள். 31 நாடுகளிலிருந்து வந்தவர்கள். அத்தனை உயரத்தில் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும்; நடுவில் இருப்பவர்கள் அசையாமல் தளம் அமைக்க, வெளி வளையத்தில் சேர வேண்டியவர்கள் தொலைவிலிருந்து பறந்து வந்து, மோதாமல், தங்களுக்கென்று குறிக்கப்பட்ட கையையோ காலையோ பிடிக்க வேண்டும்; ஒருவர் தவறினாலும் சாதனை செல்லாது. முழு வடிவமும் சேர்ந்திருந்த நேரம் 4.25 வினாடிகள். இதற்காகத் தம் பணத்தைச் செலவழித்து, விடுமுறை எடுத்து, கண்டம் விட்டுக் கண்டம் போய், நாள்கணக்கில் பல முயற்சிகள் தோற்கப் பொறுத்திருந்தவர்களைத் தனிமனித வெறி பிடித்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு தேரை நிலைக்குக் கொண்டுவர ஊரே வடம் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கக் கூடாது.

நெருக்கம் வானில் மட்டும் உண்டாவதில்லை என்பதையும், உண்மையில் பெரும்பகுதி தரையில்தான் உண்டாகிறது என்பதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஸ்கைடைவிங் என்பது பெரும்பாலும் காத்திருப்பு. காற்று அடங்கக் காத்திருப்பார்கள், மேகம் விலகக் காத்திருப்பார்கள், விமானத்துக்கு எரிபொருள் நிரப்பக் காத்திருப்பார்கள். அந்நேரத்தில் பாராசூட் மடிக்கும் கூடத்தில் கம்பளத்தின் மேல் மண்டியிட்டு, துணியிலிருந்து காற்றை அழுத்தி வெளியேற்றிக்கொண்டே பேசும் பேச்சில், அறுவைச் சிகிச்சை நிபுணரும் குழாய் பொருத்துபவரும் கல்லூரி மாணவியும் ஒரே தரத்தில் இருக்கிறார்கள். அங்கே மதிப்பு, யார் அமைதியாகப் பறக்கிறார், யாரோடு பறந்தால் பத்திரமாக இறங்கலாம் என்பதைப் பொறுத்தது. எதையாவது முதல்முறை செய்தவர் மாலையில் எல்லோருக்கும் பீர் வாங்கித்தர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். முதல் தனிக் குதிப்பு, முதன்மைப் பாராசூட் பழுதாகி மாற்றாக வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டை விரித்த முதல் தடவை, முதல் விங்சூட் என்று அதற்கு முடிவே இல்லை.

செலவைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஒரு குதிப்புக்கு அமெரிக்காவில் 30 டாலரை ஒட்டியும், புதிய கருவித் தொகுதிக்கு ஆயிரக்கணக்கிலும் ஆகிறது. ரிசர்வ் பாராசூட்டை உரிமம் பெற்றவரிடம் 180 நாட்களுக்கு ஒருமுறை மடித்து வாங்க வேண்டும். திரும்பி வருபவர்களைப் பற்றி எழுதும்போது, வராமல் போனவர்களை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். உரிமம் வாங்கியவர்களிலும் பலர் சில ஆண்டுகளில் நின்றுவிடுகிறார்கள். குழந்தை பிறக்கிறது, முட்டி உடைகிறது, வேலை போகிறது, துணைவருக்குப் பொறுக்கவில்லை. எஞ்சி நிற்பவர்களுக்கு உடலும் பணமும் குடும்பமும் ஒருசேர இடம்கொடுத்திருக்கின்றன. அதை முழுக்க மன உறுதி என்று எடுத்துக்கொள்வது சரியாகாது.

சாவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் சுமார் 36 லட்சம் குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள். 1970களில், குதிப்பவர்களின் கூட்டம் சிறிதாக இருந்த காலத்தில், ஆண்டுக்கு 40க்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தார்கள். நடுவில் நிகழ்ந்த மாற்றத்துக்குக் கருவிகள் முக்கியக் காரணம். பழுதான பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட உதவும் மூன்று வளையப் பூட்டை 1970களில் பில் பூத் உருவாக்கினார். ஜெர்மனியிலிருந்து 1991இல் வந்த சைப்ரஸ் என்ற தானியங்கிக் கருவி, தரைக்கு மேல் ஏறக்குறைய 225 மீட்டரிலும் ஒருவர் வினாடிக்கு 35 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால், மயங்கிவிட்டார் அல்லது உயரத்தை மறந்துவிட்டார் என்று கொண்டு ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறந்துவிடுகிறது. ஆனால் கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவு தூரம் மனிதர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள் என்று அதே பூத் எச்சரித்திருக்கிறார். அவர் வாக்குப் பெருமளவு பலித்தது: நன்றாக விரிந்து, எந்தப் பழுதும் இல்லாத சிறிய, வேகமான பாராசூட்டோடு தரையருகே கூர்மையாகத் திரும்பி இறங்கப்போய் உயிரிழந்தவர்கள் பெரும்பாலான ஆண்டுகளின் பட்டியலில் இருக்கிறார்கள்.

நீண்ட காலம் குதிக்கும் எவருக்கும் இறந்துபோன ஒருவரையாவது பெயர் சொல்லித் தெரிந்திருக்கும். இருந்தும் ஏன் மறுநாள் விமானம் ஏறுகிறார்கள் என்பதுதான் எனக்கு நெடுநாள் உறுத்திய கேள்வி. கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் 1992 ஏப்ரல் 22 அன்று, குதிப்பவர்களோடு கிளம்பிய ட்வின் ஆட்டர் விமானம் மேலெழும்பியதும் விழுந்து 16 பேர் இறந்தார்கள். எரிபொருளில் கலப்பு இருந்தது. அதில் கழுத்து முறிந்து வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்த டான் பிராட்ஸ்கி-சென்ஃபெல்ட், தன் அணித் தோழரையும் அந்த விபத்தில் பறிகொடுத்தவர். உடல் தேறியதும் அவர் திரும்பி வந்து அரிசோனா ஏர்ஸ்பீட் அணியை உருவாக்கி, உலகப் பட்டம் வெல்லும் அளவுக்குக் கொண்டுபோனார். இதை வீரம் என்று புகழ்வதில் எனக்கு ஆர்வமில்லை, பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. அவருக்கு நண்பர்கள், தொழில், திறமை, தோல்விகள் எல்லாமே அங்கேதான் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வேறெங்கே போயிருப்பார்? நண்பர் இதே விஷயத்தை வேறு விதமாகச் சொன்னார்: விபத்து அறிக்கைகளை அவர் மாதந்தோறும் ஒன்றுவிடாமல் படிக்கிறார், ஒவ்வொன்றிலும் தான் செய்யாத ஒரு காரியத்தைத் தேடுகிறார். அந்தத் தேடலில் கொஞ்சம் தன்னை ஏமாற்றிக்கொள்ளுதலும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். என்றாலும் அதன் பயனாகத்தான் காற்று பலமாக வீசும் நாளில், பணம் கட்டிய பிறகும், அவர் குதிக்காமல் வீடு திரும்புகிறார்.

வயதானவர்களைப் பார்க்கும்போது அட்ரினலின் விளக்கம் இன்னும் வலுவிழக்கிறது. நாற்பது கடந்தவர்களுக்கு, அறுபது கடந்தவர்களுக்கு, எழுபது, எண்பது கடந்தவர்களுக்கு என்றெல்லாம் குதிப்பவர் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் வயதுக்குரிய கூட்டுவடிவச் சாதனைகளுக்காகக் கூடுகிறார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் கதையைப் பலர் அறிந்திருப்பார்கள். 1944 செப்டம்பரில் பசிபிக் கடலின் சிச்சிஜிமா தீவருகே அவருடைய விமானம் சுடப்பட்டபோது அவர் குதித்தார். அவசரத்தில் கயிற்றை முன்கூட்டியே இழுத்துவிட்டு, விமானத்தின் வாலில் தலை மோதிக்கொண்டார். ஒருநாள் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் தங்கியிருந்து, 1997இல் 72 வயதில் அரிசோனாவின் யூமாவில் நிறைவேறியது. அதோடு நிறுத்தவில்லை, 75, 80, 85 ஆகிய பிறந்தநாள்களையொட்டியும் குதித்தார், 2014இல் 90ஆம் பிறந்தநாளன்று சக்கர நாற்காலியில் வந்து பயிற்றுநரோடு சேர்ந்து குதித்தார். ஒரு தவறைத் திருத்தவென்று தொடங்கியது வழக்கமாகவே மாறிவிட்டது.

நம் நாட்டில் இந்தப் பழக்கம் வேரூன்றாததற்குத் துணிவின்மை காரணமில்லை. 1979இல் ஆக்ராவில் முதல் குதிப்பைச் செய்த ரேச்சல் தாமஸ், ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே நூற்றுக்கணக்கில் குதித்து, 2002இல் வடதுருவத்திலும் குதித்தார். புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் இரு துருவங்களிலும் குதித்ததோடு, 2018இல் தாய்லாந்தில் ஒன்பது கெஜப் புடவை கட்டிக்கொண்டும் குதித்தார். இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் சாதனை படைக்க ஓரிருவர் போதும், பழக்கம் உண்டாக ஒரு தளம் வேண்டும்: வார இறுதிதோறும் பறக்கும் விமானம், கட்டுப்படியாகும் கட்டணம், மழைநாளில் உட்கார்ந்து பேச ஒரு கூடம். ஹரியானாவின் நார்னௌல் போன்ற இடங்களில் இப்போது ஒரு தொடக்கம் தெரிகிறது. வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் துபாயின் பாம் ஜுமைரா தீவுக்கு மேலே டேண்டம் குதித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; அவர்களில் உரிமம் வாங்கித் தொடர்பவர் எங்காவது தென்பட்டால் அவரிடம் பேசிப் பார்க்க எனக்கு ஆசை.

டேண்டம் ஒன்று குதித்துவிட்டு ‘இது நமக்கு ஒத்துவருமா’ என்று முடிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் சோதனை எதையும் காட்டாது. அதில் நீங்கள் பயணி. முடிவுகளையெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருப்பவர் எடுக்கிறார், எஞ்சுவது திரில் மட்டும்தான், அது ஒருமுறைக்குப் போதும். தொடர்பவர்கள் எதற்காகத் தொடர்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால், ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து, தனக்கென்று தனிப் பாராசூட்டை மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் பயிற்றுநர்கள் பிடித்துக்கொள்ள, உயரமானியைத் தானே பார்த்துத் தானே கயிற்றை இழுக்கும் மாணவர் பயிற்சியில் சேர வேண்டும். முதல் உரிமத்துக்கு அமெரிக்காவில் 25 குதிப்புகள் தேவை. நண்பர் எனக்கும் அதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறார். வீட்டில் இன்னும் காட்டவில்லை.